திட்டாத பத்திரிகை

பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. படி ஏறுகிற பக்கம் கூரை சரிந்து இறங்கும். உயரமாக வளர்ந்த பிள்ளைகள் முதல் தடவை உள்ளே வரும்போது தலையை இடித்துக்கொள்ளாமல் போனதில்லை. அதுதான் மாணவர் ஆய்விதழின் அலுவலகம். இளநிலைப் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் தாங்களே செய்த ஆராய்ச்சியை எழுதி அனுப்பினால், பெரிய இதழ்களில் நடப்பதுபோலவே முறைப்படி பரிசீலித்து வெளியிடுவார்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களும் மாணவர்கள்தான். ஒரு வருடம் ஓடியாடி வேலை பார்ப்பார்கள், பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார்கள். போகாமல் அந்தச் சரிந்த கூரைக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கும் ஒரே ஜீவன் கமாக்கா.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதை யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே வருவதற்கு முன் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தவள். கட்டுரையில் ஒரு கமா விடுபட்டால் அவளுக்குப் பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல இருக்கும். எழுதியவரைத் தேடிப் பிடித்து, "இங்க ஒரு கமா போட்டா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். எந்த வருடத்துப் பிள்ளை வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டது. கடைசியில் கட்டிய கணவனே போனில் அவள் பெயரைக் கமாக்கா என்று பதிந்து வைத்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே வேடிக்கை அது.

அறிவியல் கமாக்காவுக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் வருகிற கட்டுரை எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுவாள். படித்ததும் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, மதிப்பாய்வாளருக்கு அனுப்புவாள். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. யார் மதிப்பிட்டது என்று எழுதியவருக்கும் தெரியாது. இரண்டு பெயரும் தெரிந்தவள் கமாக்கா மட்டும். மதிப்பாய்வு வந்ததும் ஆசிரியர் குழு கூடி, போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். அந்த முடிவையும் மதிப்பாய்வாளரின் கருத்தையும் ஒரே கடிதமாக்கி மாணவருக்கு அனுப்புவது அவளுடைய வேலை.

மதிப்பாய்வாளர்களில் பேராசிரியர்கள் உண்டு. அவர்களால் தொல்லையில்லை, பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள். மீதி எல்லாம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் இளைஞர்கள். அங்கேதான் வம்பு. தங்கள் கட்டுரையை எங்கேயோ எவரோ கிழித்துப் போட்ட கோபத்தை எல்லாம் இங்கே வந்து, மீசை முளைக்காத பிள்ளைகளின் தலையில் இறக்குவார்கள்.

கமாக்கா வேலைக்குச் சேர்ந்த புதிது. விடுதிக் குழாய்களில் பிடிக்கும் துருவைப் பற்றி ஒரு வேதியியல் மாணவி எழுதியிருந்தாள். வந்த மதிப்பாய்வை அப்படியே அனுப்பினாள் கமாக்கா. அடுத்த நாள் அந்தப் பெண் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, 'அடிப்படை அறிவே இல்லாதவர்'னு போட்டிருக்கே, அது என்னையா?" என்று கேட்டாள். இல்லம்மா, கட்டுரையைத்தான் சொல்கிறார்கள் என்று கமாக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கட்டுரைக்கு ஏது அறிவு? அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். பிறகு அவள் வேதியியலையே விட்டுவிட்டு வேறு படிப்புக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகு கமாக்காவுக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து வந்த மதிப்பாய்வில் ஒரே ஒரு சொல்லை எடுத்தாள். அதற்கடுத்ததில் ஒரு வாக்கியம். அப்புறம் பழகிவிட்டது.

'இதைப் படித்து என் மாலைப்பொழுது வீணானது. அளவுகளை ஒரே ஒரு முறைதான் எடுத்திருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் யார் பாடம் நடத்துகிறார்கள்?' என்று வந்தால், மாணவர் கையில் போய்ச் சேரும்போது அது, 'கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அளவுகளை மேலும் சில முறை எடுத்தால் முடிவுகள் உறுதிப்படும்' என்று இருக்கும். குறை எதையும் அவள் மறைத்ததில்லை, அதில் கறாராக இருந்தாள். சுட்டிக்காட்டியது அத்தனையும் கடிதத்தில் இருக்கும். முள்ளை மட்டும் எடுத்துவிடுவாள். போகப்போக, முள்ளை எடுத்த இடம் வெறுமையாகத் தெரிந்ததால் அங்கே ஒரு நல்ல வார்த்தையும் வைக்க ஆரம்பித்தாள். 'உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி' என்பது அவளுக்குப் பிடித்தமான வரி.

இது யாருக்கும் தெரியாது. மதிப்பாய்வாளர்கள் மாணவருக்குப் போகும் கடிதத்தைப் பார்ப்பதில்லை. மாணவர்களோ மதிப்பாய்வின் மூலத்தைப் பார்ப்பதில்லை. மூலத்தைப் பார்க்கிற ஆசிரியர் குழுவோ போகிற கடிதத்தைப் படிப்பதில்லை, அவர்களுக்கு அடுத்த இதழைப் பற்றிய கவலையே தலைக்கு மேல். அதனால் நாளடைவில் இதழுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, இங்கே அனுப்பினால் திட்டமாட்டார்கள் என்று. பயந்த பிள்ளைகள் எல்லாம் துணிந்து அனுப்பினார்கள். குறையைத் திருத்தி மறுபடி அனுப்பினார்கள். துணைவேந்தர் ஒரு கூட்டத்தில், நம் மதிப்பாய்வாளர்களைப் போலப் பண்பானவர்களை எங்கும் காணோம் என்று மனமுருகிப் பேசினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கமாக்கா எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

அவளுக்கு ஒரே மகள். சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராக மாடிப்படி அறைக்கு வந்து, பழைய இதழ்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இரவுச் சாப்பாட்டின்போது கமாக்கா அன்றைக்கு அனுப்பிய கடிதங்களை மகளுக்கு மனப்பாடமாக ஒப்பிப்பாள். ஒரு பையன் தவளையை எண்ணினானாம், அவனுக்கு இப்படி எழுதினார்களாம். ஒரு பெண் செங்கல்லை ஊறவைத்தாளாம், அவளுக்கு அப்படி எழுதினார்களாம். தான் எழுதியதைத்தான் சொல்கிறோம் என்பதே அவளுக்குப் பாதி நாள் மறந்துபோகும். அறிவாளிகள் என்றால் அன்பானவர்கள் என்று அந்தக் குழந்தை நம்பி வளர்ந்தாள். வளர்ந்து, உயிரியல் எடுத்து, அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள்.

இரண்டாம் வருடத்தில் அவளுக்குச் சிலந்திப் பித்துப் பிடித்தது. வளாகத்தின் சில தெருக்களில் பழைய மஞ்சள் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை விளக்கு போட்டிருந்தார்கள். வெள்ளை விளக்குக் கம்பங்களில் சிலந்தி வலை அதிகமாக இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. எண்ணிப் பார்த்துவிடுவது என்று இறங்கினாள். பொழுது சாய்ந்ததும் அம்மாவும் பெண்ணும் கிளம்புவார்கள். அம்மா டார்ச் பிடிப்பாள், பெண் எண்ணுவாள். பாதுகாவலர் ஒருவர் தினமும் எதிரே வந்து, என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று அக்கறையாக விசாரிப்பார். "சிலந்திங்க" என்பாள் பெண். அவர் தானும் கொஞ்ச நேரம் தரையில் தேடிவிட்டுப் போவார். அந்த மாலைகளில் கமாக்கா சந்தோஷமாக இருந்தாள். கழுத்து வலித்தது, கொசு பிடுங்கியது, சந்தோஷமாக இருந்தாள்.

மகள் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அம்மாவிடம்தான் நீட்டினாள். கமாக்கா படித்தாள். ஒரு வார்த்தைகூட வீணாக இல்லை. தான் கம்பம் கம்பமாக நடந்த தெருக்கள் அதில் அட்டவணையாகவும் கோடுகளாகவும் மாறியிருந்ததைப் பார்த்து அவற்றை விரலால் தடவினாள். "ரொம்ப நல்லா இருக்குடி" என்றாள்.

கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பலாமே என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தாள். மகள் கேட்கவில்லை. வேறு எங்கே அனுப்புவது, திட்டாத பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்று சிரித்தாள்.

சொந்தக்காரர் கட்டுரை வந்தால் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. கமாக்கா முறையாகச் சொல்லிவிட்டாள். அந்த வருடத்துத் தலைமை ஆசிரியர் இயற்பியல் மாணவன். விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ரகம் என்பதால் நண்பர்கள் அவனை நீதிபதி என்பார்கள். அவன் உடனே அந்தக் கட்டுரைக்கு மட்டும் தனிக் கோப்பு திறந்து, கமாக்காவால் அதைப் பார்க்க முடியாதபடி பூட்டினான். அன்றைக்கு அவளுக்கு மனதில் ஒரு உறுத்தல் வரத்தான் செய்தது. மதிப்பாய்வு தன் கை படாமல் போகுமே என்று. ஆனால் கட்டுரை நன்றாக இருக்கிறது, நன்றாக இருப்பதை யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள். இத்தனை வருடம் அன்பான கடிதங்களை எழுதி எழுதி, மதிப்பாய்வாளர்கள் அன்பானவர்கள்தான் என்று அவளே கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தாள். இதைவிட ஒரு ஏமாளியை நான் பார்த்ததில்லை.

பதில் வந்த அன்று மகள் வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போனை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். இப்போது ஏற்க இயலாது என்று முதல் வரி. அதன் கீழே மதிப்பாய்வு.

'விளக்கை மாற்றியதால் சிலந்தி வலைகள் கூடிவிட்டன என்கிறார் கட்டுரையாளர். வெள்ளை விளக்குகள் எல்லாம் குளத்தை ஒட்டிய தெருக்களில் இருக்கின்றன. மஞ்சள் விளக்குகள் எல்லாம் கட்டடங்களுக்கு நடுவில். குளத்தோரம் பூச்சிகள் அதிகம், பூச்சி இருந்தால் சிலந்தி வரும் என்பது யாருக்கும் தெரியும். கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. விடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற தெருவைத் தேடிப் போயிருக்கிறார். இதைத் திருத்திப் பயனில்லை. குளத்தை விட்டு விலகிய தெருக்களில், இரண்டு விளக்குகளும் அருகருகே உள்ள இடங்களில், முதலிலிருந்து எண்ணட்டும்.'

கமாக்காவுக்கு யார் எழுதியது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆராய்ச்சி மாணவனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மிளகாய். அவனுடைய மதிப்பாய்வுகளை மாற்றி எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடிக்கும். பிடிக்காத கட்டுரைக்கு அவன் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டான். எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று வழி சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை. இவ்வளவு நீளமாக எழுதி, எங்கே போய் எண்ண வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான் என்றால், அவன் கணக்கில் இது பாராட்டு. அதை அவள் எப்படிச் சொல்வாள்?

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இத்தனை வருஷத்துல யாருக்கும் இப்படி எழுதினதே இல்லல்லம்மா?" என்று கேட்டாள்.

மகள் கேட்டது வீம்புக்கு அல்ல. அவளுக்குத் தெரிந்த கடிதங்கள் அத்தனையும் அன்பானவை. போன இதழுக்கு அவளுடைய தோழி ஒருத்தி, நூலகத்துப் பழைய புத்தகங்களில் வளரும் பூஞ்சையைப் பற்றி எழுதியிருந்தாள். பூஞ்சைக்காரி என்றே அவளுக்குப் பெயர். 'உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி' என்று தனக்கு வந்த கடிதத்தை அவள் விடுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். தவளைக்காரன், செங்கல்காரி, எல்லாருக்கும் தட்டிக்கொடுத்தவர்கள் தனக்கு மட்டும் இப்படி எழுதினார்கள் என்றால் என்ன பொருள்? வந்ததிலேயே மட்டமான கட்டுரை தன்னுடையது என்றுதானே. அந்தப் பிள்ளை போட்ட கணக்கில் ஒரு தவறும் இல்லை.

"அவன் ஒரு முட்டாள்" என்றாள் கமாக்கா கடைசியில்.

"உங்க ரிவ்யூவர்ஸ் எல்லாம் தங்கமானவங்கன்னு நீதானேம்மா சொல்லுவே" என்றாள் மகள். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

கடைசி வருடத்துக்கு மாணவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து வருடம் முழுக்க ஆராய்ச்சி செய்யலாம். இல்லை, அதற்குப் பதிலாகக் கூடுதல் பாடங்கள் படித்துத் தேர்வு எழுதலாம். பாடத்தை எடுத்தவர்களுக்கு அதற்கப்புறம் ஆராய்ச்சி வாசல் ஏறக்குறைய மூடினதுதான். எதை எடுப்பது என்று பதிய அடுத்த வாரம் கடைசி. மகள் பாடங்களை எடுக்கப்போவதாகச் சொன்னாள், கடையில் இந்த நிறம் வேண்டாம் அந்த நிறம் போதும் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. "எனக்கு இது வராதும்மா. பரவால்ல. எல்லாருக்கும் எல்லாம் வரணும்னு இல்லையே."

கமாக்கா மறுநாள் நீதிபதியைத் தேடிப் போனாள். கடிதத்தைக் கொஞ்சம் பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா என்று சுற்றிவளைத்துக் கேட்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு எழுத்துகூட மாத்தலக்கா. அக்கா பொண்ணுக்குச் சலுகை காட்டிட்டாங்கன்னு நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது பாருங்க" என்றான். பாராட்டை எதிர்பார்த்து நின்றான். அவள் நல்லதுப்பா என்று சொல்லிவிட்டு வந்தாள். அறைக்குள் நுழையும்போது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவளுக்கே கூரையில் தலை இடித்தது.

கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். கடிதங்களை மாற்றி எழுதுகிற விஷயத்தையும் அன்றுதான் அவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. லிஃப்டில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, சத்தம் தாங்கவில்லை என்று சிலர் அதைக் கழற்றிவிடச் சொல்வார்கள், தான் ஒருநாளும் கழற்றியதில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு மனசு கேட்காமல், பிள்ளை தானாகத் தேறிவிடும், நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். தேறுகிற பிள்ளையாகத் தெரியவில்லை. மாலையில் அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். டார்ச் அலமாரிக்குள் போய்விட்டது.

சொன்னால் என்ன ஆகும் என்று கமாக்கா யோசித்து யோசித்து மண்டை காய்ந்தாள். வெளியே தெரிந்தால் வேலை போகும், அது இருக்கட்டும். கடிதத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிற பிள்ளைகளின் கதி? அவர்களைத் தட்டிக்கொடுத்தது ஓர் அறிஞரின் கை அல்ல, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒருத்தியின் கை என்று தெரிந்தால்? ஒருபக்கம் அத்தனை பேர், மறுபக்கம் தன் பெண். நாலைந்து நாள் தராசு ஆடியது. கடைசியில் தாய்தானே, பெண் பக்கம் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எடுத்துப் போட, பெண் மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வந்தது மோசமான ரிவ்யூ இல்லடி. அந்த ஆள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்."

"யாருக்கும் வந்ததில்லையே."

"வரும். நான் மாத்தி எழுதிடுவேன்."

மகளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. கமாக்கா எல்லாவற்றையும் சொன்னாள். துருப்பிடித்த குழாயிலிருந்து தொடங்கி, எடுத்த சொற்கள், வைத்த சொற்கள், ஒன்றையும் விடவில்லை. பூஞ்சைக்காரிக்கு அசலாக என்ன எழுதியிருந்தது என்று மகள் கேட்டாள். 'இது ஆராய்ச்சி அல்ல, வீடு சுத்தம் செய்தவரின் அனுபவக் குறிப்பு' என்று மிளகாய் எழுதியிருந்ததை அம்மா சொன்னதும், மகள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி அம்மா" என்றாள். பல நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கமாக்காவும் சிரித்தாள். மலைபோல் வந்தது பனிபோல் போயிற்று என்று நினைத்தாள்.

மகள் மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு துணிகளை மடித்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான் பேப்பர காட்டினப்ப நல்லா இருக்குன்னு சொன்னியேம்மா."

"அது நெஜமாத்தான்டி சொன்னேன்."

"ஸ்கூல்ல எறும்பு வச்சு ஒண்ணு செஞ்சேனே, அப்ப சொன்னது?"

"அதுவும் நெஜந்தான்."

"பாட்டுப் போட்டியில?"

கமாக்கா ஒரு கணம் தயங்கினாள். பாட்டுப் போட்டியில் பெண் சுதி தப்பித்தான் பாடினாள். அந்தத் தயக்கத்தை மகள் பார்த்துவிட்டாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ஆனா நீ நெஜமா சொல்றது எது, ஆறுதலுக்குச் சொல்றது எதுன்னு எனக்கு இனிமே எப்படித் தெரியும்?"

கமாக்கா எந்தப் பதிலைச் சொன்னாலும் அதுவும் அவள் வாயிலிருந்துதானே வர வேண்டும். மகள் கையிலிருந்த துணியை மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடுத்த நாள் அவள் ஆராய்ச்சியையே தேர்ந்தெடுத்துப் பதிந்தாள். அதைச் சொல்லவேண்டும், கமாக்கா எதற்காக வாயைத் திறந்தாளோ அது நடந்தது. அம்மாவின் ரகசியத்தையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை, பூஞ்சைக்காரியிடம்கூட. டார்ச் மறுபடி வெளியே வந்தது. மிளகாய் சொன்னபடி குளத்தை விட்டு விலகிய தெருக்களைத் தேடிப்பிடித்து, வருடம் முழுக்க எண்ணினாள். டார்ச் பிடிக்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். உனக்குக் கழுத்து வலிக்கும்மா என்று அக்கறையாகத்தான் சொன்னாள். கமாக்கா சன்னலில் நின்று, இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அலுவலகத்திலும் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு சொல்லை எடுக்கப் போனால் மொட்டைமாடி நினைவுக்கு வரும். வந்த மதிப்பாய்வை வந்தபடியே அனுப்ப ஆரம்பித்தாள். இந்த வருடம் ரிவ்யூவர்களுக்கு என்ன கேடு வந்தது என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். சிலர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேசாமல் கூட உட்கார்ந்திருப்பாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டில் மகள் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு மாலை அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பேச்சு கேட்டது. மகள் அப்பாவிடம் ஏதோ பக்கங்களைக் கொடுத்திருந்தாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். அந்த மனிதர் நெடுநேரம் புரட்டிவிட்டு, "எனக்கு ஒரு மண்ணும் புரியலம்மா. ஆனா இந்தப் படத்துல எழுத்து பொடிசா இருக்கு, கண்ணு தெரியல" என்றார். மகள் குஷியாக எழுந்துபோய் எழுத்தைப் பெரிதாக்கினாள். கமாக்கா நறுக்கிய காயையே திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் தன்னிடமும் ஒரு தடவை நீட்டுவாள் என்று காத்திருந்தாள். நீட்டவில்லை. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம், பெண் கோபமாகவும் இல்லை. அம்மா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று எல்லாம் கேட்பாள். இதை மட்டும் கேட்கமாட்டாள்.

கட்டுரை வெளியூர் இதழ் ஒன்றில் வந்தது. பெரிய இதழ். பூஞ்சைக்காரி வேறு வேலையாக மாடிப்படி அறைக்கு வந்தவள், பார்த்தீர்களா அக்கா என்று கேட்ட பிறகுதான் கமாக்காவுக்குத் தெரியும். பார்க்காமலா என்று சிரித்து அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தாள்.

குளம் இல்லாத தெருக்களிலும் வெள்ளை விளக்கில் வலைகள் கூடத்தான் செய்திருந்தன. முதலில் நினைத்ததைவிடக் குறைவாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். கடைசியில் நன்றி சொல்லும் பகுதி. டார்ச் பிடித்த அப்பாவுக்கு நன்றி. அன்புக்காக அம்மாவுக்கு நன்றி. 'இக்கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்து, ஒளிவுமறைவில்லாமல் குறை சொன்ன, பெயர் அறியாத மதிப்பாய்வாளருக்கு என் ஆழ்ந்த நன்றி.' ஆழ்ந்த என்ற சொல் மிளகாய்க்குத்தான் கிடைத்திருந்தது.

கமாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, முதல் வரிக்குப் போய், பிழை தேட ஆரம்பித்தாள். வேறு எதற்கும் இல்லை. ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பெண் நம்புவாள். அம்மா சரியாகத்தான் படித்திருக்கிறாள் என்று அந்த ஒரு நிமிடமாவது நினைப்பாள். அதன் பிறகு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதுவும் ஒருவேளை உள்ளே போகலாம். வரி வரியாகப் பார்த்தாள். அட்டவணையில் எண்களைக் கூட்டிப் பார்த்தாள். படங்களுக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆயுளெல்லாம் பிறர் எழுத்தில் பிழை பிடித்தே சாப்பிட்டவளுக்கு, அன்றைக்கென்று ஒரு பிழைகூட அகப்படவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து, மறுபடியும் தேடினாள். அப்படி எழுதியிருந்தாள் அவள் பெண்.

இல்லாத குறை ஒன்றை இருப்பதாகச் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தாள். வேண்டாம். இனிமேல் ஒரு வார்த்தைகூட இந்தப் பெண்ணிடம் மாற்றிச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மேசையில் அச்சான கட்டுரையை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். கமாக்கா பையைக் கழற்றாமலே நின்றாள்.

"உன் பேப்பர் படிச்சேன்" என்றாள். "ரெண்டு தடவ படிச்சேன். ரொம்ப நல்லா இருக்கு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பாசத்தோடுதான் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி சட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்போமே, அப்படிச் சிரித்தாள். "தேங்க்ஸ்மா" என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா" என்றாள்.